பனிக்குள் உறங்கும் சீமை அத்தி

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மே மாத நடுவில், கனடாவில் இருக்கும் அக்கா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். டொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் அவர் வீடு. பின்புற வேலியோரம் இடுப்பு உயரத்துக்கு நான்கு குச்சிகள் நின்றன. ஓர் இலை இல்லை, ஒரு மொட்டு இல்லை. பக்கத்து வீட்டு ஆப்பிள் மரம் பூத்துக் குலுங்குவதும் அதே வீடியோவில் தெரிந்தது. “அம்மா போன வருஷம் வச்ச அத்தி. உயிர் இருக்கான்னு பாத்துச் சொல்லு” என்றார் அக்கா.

நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டச் சொன்னேன். உள்ளே பச்சை இல்லை, பழுப்பாகக் காய்ந்திருந்தது. உச்சி, நடு, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் என மூன்று இடங்களில் சுரண்டிப் பார்த்தாயிற்று. “பட்டுப்போச்சு. பிடுங்கிட்டு வேற ஏதாவது வைங்க” என்றேன். உழவியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஆண்டுக்கணக்கில் உழவர்களுக்குப் பயிர் ஆலோசனை சொல்லிவரும் ஒருத்தியின் தீர்ப்பு அது.

அம்மா கேட்கவில்லை. அப்பா மறைந்த பிறகு நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தை விட்டு அக்காவோடு போய்த் தங்கியவர் அவர். ஆண்டில் பாதி நாள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டிய அந்த ஊரில், அவர் தன் கையால் மண்ணில் வைத்த முதல் கன்று அது. “உன் படிப்பு இருக்கட்டும்டி. மேலே காஞ்சா அடியும் காஞ்சதுன்னு ஆயிடுமா?” என்று போனிலேயே பேச்சை முடித்துவிட்டார். ஜூன் இரண்டாவது வாரம் மண்ணுக்குள்ளிருந்து மூன்று தளிர்கள் கிளம்பின.

நான் எங்கே தவறினேன் என்று தேடிப் படித்ததிலும், பிறகு இரண்டு முறை அங்கே போய்ப் பார்த்ததிலும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். டொராண்டோ, நியூஜெர்சி, சிகாகோ என்று குளிர் ஊர்களில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இந்தப் பக்கத்தின் வாசகர்களில் பலர். “கொல்லையில் இடம் இருக்கிறது, என்ன பழமரம் வைக்கலாம்?” என்று அங்கிருந்து கேட்கிறார்கள். செப்டம்பர் முடியப்போகிறது. ஏற்கெனவே அத்தி வைத்திருப்பவர்கள் குளிருக்கு முந்தைய வேலையைத் திட்டமிட இதுதான் நேரம்.

ஆலுக்கும் அரசுக்கும் உறவு

கடையில் உலர்பழமாக நாம் வாங்குவது சீமை அத்தி. தாவரவியல் பெயர் ஃபைக்கஸ் காரிகா. நம் ஆற்றங்கரை நாட்டு அத்தி, ஆல், அரசு எல்லாமே இந்த ஃபைக்கஸ் பேரினம்தான். ‘அத்தி பூத்தாற்போல’ என்று நாம் சொல்வதற்குக் காரணமும் பொது: பூக்கள் காயின் உள்சுவரில் இருப்பதால் வெளியே தெரிவதில்லை.

ஆனால், குணத்தில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சீமை அத்தி மேற்கு ஆசியாவையும் மத்தியத்தரைக் கடல் ஓரத்தையும் சேர்ந்தது. அங்கே கோடை சுட்டெரிக்கும்; குளிர்காலம் மிதமாக, மழையோடு வரும். அந்தக் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மரம் உறங்கும். ஆக, இது பனி நாட்டு மரம் இல்லை. குளிர் தாங்கும் அத்தி என்று விற்கப்படுவதும் குளிரில் வளரும் அத்தி அல்ல. குளிரில் மற்ற அத்திகளை விடச் சற்று நன்றாக உறங்கி எழும் அத்தி.

எவ்வளவு குளிர் தாங்கும்? நன்கு முதிர்ந்து, இலை உதிர்த்து, உறக்கத்துக்குப் போன கட்டை ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய மைனஸ் 9 முதல் மைனஸ் 12 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதே மரத்தின் இளம் பச்சைக் கிளை மைனஸ் 2, 3 டிகிரியிலேயே கருகிவிடும். டொராண்டோவின் ஜனவரி இரவுகள் சில ஆண்டுகளில் மைனஸ் 20ஐத் தொடுகின்றன. எனவே பாதுகாப்பு இல்லாமல் விட்டால், தரைக்கு மேலே உள்ளது சாவது அங்கே இயல்பு.

மண்ணுக்குள் கதை வேறு. அந்தப் பகுதியில் வீட்டு அஸ்திவாரத்தை 4 அடிக்குக் கீழே கொண்டுபோகிறார்கள். குளிர்காலத்தில் மண் அவ்வளவு ஆழம் வரை உறையக்கூடும் என்பதே காரணம். ஆனால் உறைந்த மண்ணின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலையை விட மிக அதிகம். மேலே மைனஸ் 20 இருக்கும்போது, ஓரடி பனிப்பொழிவும் இலைச் சருகும் மூடிய மண், பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். பனி குளிரானது என்று நாம் நினைக்கிறோம். வேருக்கு அது கம்பளி. வேர்க்கழுத்தில், மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலத்தில் உறங்கும் மொட்டுகள் அங்கே பிழைத்துக்கொள்கின்றன. நான் சுரண்டச் சொன்ன மூன்று இடங்களும் தரைக்கு மேலே. விரலால் மண்ணைத் தள்ளிவிட்டு நான்காவது இடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிழைத்தால் போதுமா?

போதாது. அம்மாவின் மரம் அந்த ஆண்டு ஆறடி வளர்ந்தது. ஆகஸ்டில் காய் வைத்தது. அக்டோபர் கடைசியில் முதல் உறைபனி விழுந்தபோது 11 காய்கள் பச்சைக் கோலிக்குண்டாக நின்றன. ஒன்றுகூடப் பழுக்கவில்லை. அம்மா அவற்றைக் கூட்டு வைத்துப் பார்த்துவிட்டு, நம் ஊர் அத்திக்காய் போல் துவர்ப்பு இல்லை என்று குறைப்பட்டார்.

இங்கேதான் ரகம் முக்கியமாகிறது. சீமை அத்தியில் இரண்டு போகம் உண்டு. போன ஆண்டுக் கிளையில் வசந்த காலத்தில் வரும் காய் முதல் போகம். இந்த ஆண்டு முளைத்த புதுக்கிளையின் இலைக் கணுக்களில் வருவது இரண்டாம் போகம். மேற்கட்டை கருகும் ஊரில் முதல் போகத்தை மறந்துவிட வேண்டும். அடியிலிருந்து கிளம்பிய புதுத் தளிரிலேயே தாராளமாகக் காய்த்து, அது முதல் உறைபனிக்கு முன் பழுக்கவும் செய்கிற ரகம்தான் அங்கே உதவும். ரகம் எத்தனை டிகிரி தாங்கும் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் பழுக்கும் என்பதே பெரிய கேள்வி. நர்சரிக்காரர்கள் முதல் எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள்.

மகரந்தச் சேர்க்கையையும் பார்க்க வேண்டும். ஸ்மிர்னா வகை அத்தி, ஒரு சிறு குளவி காய்க்குள் புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் பழுக்கும். இல்லாவிட்டால் காய் உதிர்ந்துவிடும். கலிபோர்னியாவில் 19ஆம் நூற்றாண்டில் ஆசையாக ஸ்மிர்னா மரங்களை நட்டவர்கள், 1899இல் அந்தக் குளவியைக் கொண்டுவந்து நிலைநிறுத்தும்வரை காய் உதிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொராண்டோவிலோ நியூயார்க்கிலோ அந்தக் குளவி குளிர்காலத்தைக் கடக்காது. சேர்க்கை இல்லாமலே பழுக்கும் பொது வகை அத்திதான் வேண்டும். கடைப் பழத்தின் விதையை முளைக்கவைப்பது வீண்வேலை. பாதிக்குப் பாதி, உண்ணத்தகாத ஆண் அத்தியாகவே முடியும்.

பொது வகையில் ஹார்டி சிகாகோ என்ற ரகம் அதிகம் புழங்குகிறது. சிசிலியிலிருந்து குடியேறிய குடும்பங்களோடு சிகாகோ போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ரகம். நடுத்தர அளவு, கருஞ்சிவப்புத் தோல், உள்ளே சிவந்த சதை. அடியோடு கருகினாலும் அதே ஆண்டு புதுக்கிளையில் காய்க்கும். ரோண்ட் டி போர்டோ இதை விடச் சீக்கிரம் பழுக்கும், பழம் சிறிது. பல்கேரியாவிலிருந்து வந்த ஃப்ளோரியாவும் முந்திப் பழுப்பதுதான். சுவையில் பெயர்பெற்ற செலஸ்டை நான் குளிர் ஊருக்குச் சொல்ல மாட்டேன்; குளிர் தாங்கினாலும், மேற்கட்டை கருகிவிட்டால் அந்த ஆண்டு காய் குறைவு. பிரவுன் டர்க்கி என்ற பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மரங்கள் விற்கப்படுகின்றன. யார் தோட்டத்து மரம் என்று பார்த்து வாங்கினால் ஒழிய அதில் கை வைக்க வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க இன்னொன்று: அமெரிக்க நர்சரிகள் போடும் குளிர் மண்டல எண் அந்த நாட்டு வேளாண் துறையின் வரைபடப்படி. அது குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை மட்டும் கணக்கில் எடுக்கிறது. கனடாவின் வரைபடம் மழை, காற்று, தரையில் படியும் பனியின் ஆழம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. இரண்டிலும் மண்டல எண் ஒன்றாக இருந்தாலும் குளிர் ஒன்றல்ல.

நடும் இடம், மண், உரம்

நம் ஊரில் தெற்குச் சுவரோரம் கன்று வைத்தால் வெக்கையில் வாடும் என்போம். அங்கே அத்திக்கு அதுதான் சிம்மாசனம். தெற்கு நோக்கிய செங்கல் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். அதனால் பழம் சில நாட்களாவது முந்தும். வடகாற்றுக்கும் மறைப்பு கிடைக்கும். நாளுக்கு 8 மணி நேர வெயில் இல்லாத இடமென்றால் அத்தி வைக்காதீர்கள்.

முதல் ஆண்டு கன்றைத் தொட்டியிலேயே வைத்து, குளிர்காலத்தில் உள்ளே எடுத்து, அடுத்த மே மாதக் கடைசியில், உறைபனி அபாயம் நீங்கிய பிறகு மண்ணில் இறக்குவது நல்லது. விரல் கனம் உள்ள இரண்டு வயதுக் கட்டை, பென்சில் கனக் கன்றை விட நன்றாகத் தாங்கும். தொட்டியில் இருந்த மட்டத்தை விட 4 முதல் 6 அங்குலம் ஆழமாக நடுங்கள். மா, எலுமிச்சைக்கு இதைச் செய்தால் தண்டு அழுகும். அத்தி புதைந்த தண்டிலிருந்தும் வேர்விடும். புதைந்த ஒவ்வொரு கணுவும் கடுங்குளிர் ஆண்டில் முளைக்கக் காத்திருக்கும் சேமிப்பு.

ஸ்கார்பரோவில் அக்கா வீட்டு மண் களி. களி மண்ணில் குழி தோண்டி அதில் மட்டும் நல்ல மண் போட்டால் குழி கிணறாகிவிடும். வசந்த காலத்தில் பனி உருகும்போது நீர் தேங்கி வேர் அழுகும். ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, தோண்டிய மண்ணோடு மட்கிய உரம் கலந்து நட்டது சரியாக வந்தது. கார அமில நிலை 6 முதல் 7.5 வரை இருந்தால் போதும்.

உரத்தில்தான் நம் ஆட்கள் மரத்தைக் கொல்கிறார்கள். அத்திக்குப் பசி குறைவு. தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலை யானைக் காது மாதிரி விரியும், காய் தள்ளிப்போகும், அக்டோபரிலும் நுனி வளர்ந்துகொண்டிருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் பச்சைக் கட்டைக்கு உறங்கத் தெரியாது, முதல் குளிரிலேயே போய்விடும். மே மாதத்தில் இரண்டு கூடை மட்கிய உரம், ஜூனில் கொஞ்சம் சரிவிகித உரம், அவ்வளவுதான். ஜூலை நடுவுக்குப் பிறகு தழைச்சத்து கூடாது. புல்வெளிக்குப் போடும் உரம் தழைச்சத்து மிகுந்தது. மரம் புல்தரை ஓரம் இருந்தால் அதன் பங்கையும் வேர் எடுத்துக்கொள்ளும். அம்மாவின் மரம் முதல் ஆண்டு ஆறடி வளர்ந்ததற்கும் காய் பழுக்காததற்கும் அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

120 நாள் ஓட்டம்

ஜூனில் முளைத்து அக்டோபரில் முடியும் ஊரில் அத்திக்குக் கிடைப்பது ஏறக்குறைய 120 முதல் 140 நாள். கணுவில் மிளகளவு காய் தோன்றியதிலிருந்து பழுக்க 3 மாதம் ஆகும். அதனால் ஜூலை கடைசிக்குள் காய் பிடிக்கவில்லை என்றால் அந்த ஆண்டுப் பழம் சந்தேகமே.

அடியிலிருந்து பத்து தளிர் கிளம்பினால் மனம் வராது, ஆனாலும் வலுவான நான்கை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வெயில் எல்லா இலையிலும் விழ வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் வளர்ச்சி நின்று காய் பிடிக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் பட்டாணி அளவுக்குக் கீழே இருக்கும் காய்கள் எப்படியும் பழுக்காது. அவற்றை எடுத்துவிட்டால் சத்து மற்றதற்குப் போகும்.

காயின் வளர்ச்சி மூன்று கட்டம். முதலில் வேகமாகப் பெருக்கும். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் நிற்கும். எல்லோரும் கவலைப்பட்டு நீரும் உரமும் ஊற்றுவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். ஒன்றும் செய்ய வேண்டாம். கடைசி ஒரு வாரத்தில் திடீரென்று இரண்டு மடங்காகப் பருத்து, நிறம் மாறி, கழுத்து தொங்கும். இரண்டாம் கட்டத்தின் முடிவில் காயின் அடிக்கண்ணில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டுவைப்பது மத்தியத்தரைக் கடல் நாடுகளின் பழைய வழக்கம். எண்ணெய் பட்ட காய் எத்திலீன் வாயுவை வெளியிட்டுச் சீக்கிரம் பழுக்கிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அக்கா வீட்டில் நல்லெண்ணெய் வைத்தார்கள். எண்ணெய் வைத்த காய்கள் மற்றவற்றை விட ஒரு வாரம் முந்தின. முதிராத காயில் வைத்தால் சக்கையாகப் பழுக்கும் என்பதையும் அங்கேயே பார்த்தேன்.

மாம்பழம் போலப் பறித்து வைக்கோலில் வைக்கும் வேலை இங்கே நடக்காது. பறித்த பிறகு அத்தி இனிக்காது. கழுத்து வளைந்து, தோலில் மெல்லிய கீறல் விழுந்து, தொட்டால் குழைய வேண்டும். அந்த நாளில் நீங்கள் முந்தாவிட்டால் அணிலும் ரக்கூனும் முந்தும். ஒவ்வொரு கிளைக்கும் வலைப்பை கட்டியே ஆக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அத்தியின் பால் தோலில் பட்டு அதன்மேல் வெயில் பட்டால் கொப்புளம் வரும். பாலில் உள்ள சோரலின் போன்ற பொருட்கள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடுகின்றன. நுனி கிள்ளும்போதும் கவாத்தின்போதும் கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். குழந்தைகளை விட்டு இலை பறிக்கச் சொல்ல வேண்டாம்.

மரத்தைப் புதைக்கிறவர்கள்

நான் போன முதல் நவம்பரில், அக்கா வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஓர் இத்தாலியப் பெரியவர் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். நீளம் ஏழடி, அகலம் இரண்டரையடி. முதலில் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. அத்தி மரத்துக்கான குழி அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்கு இத்தாலியிலிருந்து ஏராளமானோர் டொராண்டோவில் குடியேறினார்கள். ஊர் மரத்தின் போத்தும் அவர்களோடு வந்தது. நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் அதற்கு முன்பே குடியேறியவர்கள் மரத்துக்குச் சாக்கு சுற்றி, உச்சியில் வாளியைக் கவிழ்த்தார்கள். டொராண்டோவின் குளிருக்குச் சாக்கு மட்டும் காணாது என்பதால் பலர் மரத்தையே படுக்க வைத்துப் புதைத்தார்கள். இன்றும் பழைய இத்தாலியக் குடும்பங்களில் அது நவம்பர் மாதச் சடங்கு.

இலை முழுவதும் உதிர்ந்த பிறகு பெரியவர் கிளைகளைக் கயிற்றால் விறகுக்கட்டு மாதிரி இறுக்கினார். குழிக்கு எதிர்ப்பக்கமாக, தண்டிலிருந்து ஓரடி தள்ளி மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி அந்தப் பக்க வேர்களை அறுத்தார். பிறகு மருமகனைத் துணைக்கு அழைத்து, மரத்தை மெல்ல மெல்லக் குழிக்குள் சாய்த்தார். மறுபக்க வேர்கள் கீல் மாதிரி வளைந்துகொடுத்தன. மேலே பலகை, அதன்மேல் சருகு, தார்ப்பாய், கடைசியில் ஓரடி மண். எனக்கு மொழி புரியவில்லை; அக்கா வீட்டு வேலியைக் காட்டி ஏதோ சொன்னார். “உங்க மரம் இன்னும் நிக்குதே, எப்போ படுக்க வைக்கப் போறீங்கன்னு கேக்குறார்” என்றார் மருமகனிடம் ஆங்கிலத்தில் விசாரித்த அக்கா.

ஆண்டுதோறும் வேரறுத்துப் படுக்க வைக்க அறுபது எழுபது வயதில் இடுப்பு இடம் தராது. நான் அக்கா வீட்டுக்குத் தேர்ந்தது வேறு முறை. மரத்தை நிமிர்த்தாமல், தண்டைத் தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் படுக்கைவாட்டில் கம்பியில் கட்டி வளர்ப்பது. அந்தப் படுத்த தண்டிலிருந்து ஆண்டுதோறும் நிமிர்ந்த கிளைகள் வரும், அவை காய்க்கும். குளிர்காலத்துக்கு முன் அவற்றை இரண்டு கணு விட்டு வெட்டிவிடலாம். ஜப்பானில் வணிகத் தோட்டங்களிலேயே அத்தியை இப்படி வளர்க்கிறார்கள். நம் முருங்கையை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிடுவது போலத்தான், தண்டு மட்டும் படுத்திருக்கிறது. குளிருக்கு மூட வேண்டியது ஆறடி உயர மரத்தை அல்ல, ஓரடி உயரத் தண்டை மட்டுமே.

மூடும் வேலையில் மூன்று தவறு நடக்கிறது. ஒன்று, சீக்கிரம் மூடுவது. ஒன்றிரண்டு லேசான உறைபனி பட்டு இலை உதிர்ந்தால்தான் கட்டை உறக்கத்துக்குப் போகும். நவம்பர் நடுவுக்குப் பிறகு மூடினால் போதும். இரண்டு, பிளாஸ்டிக்கை மரத்தின்மேல் நேரடியாகச் சுற்றுவது. பகல் வெயிலில் உள்ளே வெந்து, இரவில் உறைந்து, கட்டை பிளந்துவிடும். உள்ளே சருகோ வைக்கோலோ கனமாகப் போட்டு, காற்றோட்டத்துக்கு ஓரத்தில் இடம் விட்டு, மழை இறங்காமல் மட்டும் மேலே பாய் போட வேண்டும். மூன்றாவது, எலி. கதகதப்பான சருகுக்குள் குடியேறி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பட்டையைத் தின்னும். குளிரில் தப்பிய மரம் எலியிடம் சாவது அங்கே சகஜம். தண்டைச் சுற்றிச் சிறுகண் இரும்பு வலை போட்டுவிட்டுப் பிறகு மூடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தொட்டிதான் வழி. 40 லிட்டர் தொட்டி ஒரு வளர்ந்த அத்திக்குப் போதும். தொட்டிக்குள் வேர்மண் காற்றின் குளிரை நேரே வாங்கும் என்பதால் வெளியே விடவே கூடாது. இலை உதிர்ந்ததும், சூடேற்றாத கராஜிலோ நிலவறையிலோ மைனஸ் 3 முதல் 7 டிகிரிக்குள் வையுங்கள். இருட்டாக இருந்தாலும் கவலை இல்லை. இலையில்லாத மரத்துக்கு வெளிச்சம் வேண்டாம். மாதம் ஒரு முறை இரண்டு டம்ளர் தண்ணீர். பாசத்தில் வாரந்தோறும் ஊற்றினால் வேர் அழுகும். ஹாலில், ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் ஜனவரியில் வெளிறிய தளிர் விட்டு, செம்பேனுக்கு இரையாகும். ஏப்ரலில் வெளியே எடுக்கும்போது, முதல் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்கி, உறைபனி இரவுகளில் மறுபடி உள்ளே தூக்க வேண்டும். முதுகு வலிக்கும் வேலை. ஆனால் வேர்மண் சீக்கிரம் சூடாவதால் தொட்டி அத்தி, தரை அத்தியை விட முந்திப் பழுக்கும்.

ஏப்ரல் அவசரம், ஜூன் பொறுமை

மூடியதை ஏப்ரல் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். முதல் வெயில் நாளிலேயே திறந்து, மொட்டு விரிந்தபின் மே முதல் வாரத்தில் ஓர் உறைபனி விழுந்தால், குளிர்காலம் முழுக்கக் காத்த கட்டை ஒரே இரவில் போகும். பழைய போர்வை ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

பிறகு, என்னைப் போல் மே மாதத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். அத்தி எல்லா மரங்களுக்கும் கடைசியில் விழிக்கும். மேலிருந்து கீழாகப் பட்டையைச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். பச்சை தெரியும் இடத்துக்கு மேலே மட்டும் வெட்டுங்கள். தரைவரை பச்சை இல்லை என்றால், தரை மட்டத்தில் வெட்டிவிட்டு ஜூன் முடியும்வரை காத்திருங்கள். ஜூலையிலும் தளிர் இல்லை என்றால்தான் பிடுங்கலாம்.

போத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள்

இதைப் படித்துவிட்டு, “மகள் லீவுக்கு வரும்போது நாலு போத்து கொண்டுவரச் சொல்லட்டுமா?” என்று கேட்கப்போகும் வாசகர்களுக்கு: வேண்டாம். நாற்றோ போத்தோ நம் நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அப்படிச் சொல்கிறது. இங்கிருந்து அங்கே கொண்டுபோகவும் அந்நாட்டு விதி உண்டு. வெறும் காகிதத் தொல்லை என்று இதை நினைக்காதீர்கள். அத்தியின் தேமல் வைரஸ் நோய் உலகமெங்கும் பரவியதே இப்படிப் போத்து வழியாகத்தான்.

தவிர, நம் சமவெளியில் குளிர் தாங்கும் குணத்தால் பயன் எதுவும் இல்லை. சீமை அத்திக்கு உறக்கக் குளிர் மிகக் குறைவாகத்தான் தேவை. நம் ஊர் மார்கழியே அதற்குப் போதும். மகாராஷ்டிராவின் புரந்தர் அத்தி 2016இல் புவிசார் குறியீடு வாங்கியது பூனா ரகத்தை வைத்து. பூனா, தினகர், டயானா ரகங்களின் கன்றுகள் இங்கேயே கிடைக்கின்றன. இங்கே நீங்கள் போராட வேண்டியது மழைக்காலத் துருநோயோடும், மணல்பாங்கான நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழுவோடும். ஊட்டியிலும்கூட, உறைபனி விழுந்தாலும் உறங்கும் அத்திக் கட்டையை அது கொல்லும் அளவுக்கு இறங்குவதில்லை. அங்கே குறை, பழுக்க வேண்டிய மாதங்களில் வெயில் போதாதது.

அக்கா வீட்டு மரம் இப்போது கம்பியில் படுத்திருக்கிறது. போன ஆண்டு 40 பழத்துக்கு மேல் பறித்தார்கள். இந்த ஆண்டு ஆகஸ்ட் குளிர்ந்ததால் தாமதம். போன வாரம் வரை 9 பழம்தான். மிச்சக் காய்களில் எதற்கு எண்ணெய் வைக்கலாம் என்று நேற்று அம்மா வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றிலும் சிறியதாக இருந்த மூன்றை எடுத்துவிடச் சொன்னேன். “பாக்கலாம்” என்றார்.